லொறி நின்று கேட்கும் பாட்டு

அப்பா,

இன்று ஒத்திகையில் எனக்குத் தந்த குழுப் பனியனில் பவுடர் மணந்தது. போன வருட ஊர்வலத்தில் எல்லார் மேலும் அள்ளி வீசிய பவுடர். அன்றைக்கு உங்கள் சட்டையும் இப்படித்தான் மணந்தது.

பனியனை ஒளித்துவிட்டு, போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில். சின்னச் சத்தம் கேட்டாலும் போனை அணைத்துவிடுகிறேன். நாளைக்குக் கரீபியன் ஊர்வலம். அதில் நான் குழுவோடு வாசிக்கப் போவது அம்மாவுக்குத் தெரியாது. "அப்பா செத்து ஒரு வருசம், ஆட்டைத் திவசம் முடியுமட்டும் எங்களுக்குக் கொட்டுமில்லை, ஆட்டமுமில்லை" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஒத்திகைக்கும் நூலகம் என்று பொய் சொல்லி அலுத்துப்போய்விட்டது, அப்பா.

முன்பெல்லாம் ஊர்வலத்தில், எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த எங்கள் ஸ்டீல் பான் வாத்தியங்களையும் எங்களையும் உங்கள் லொறிதான் இழுத்துப் போகும். 401 நெடுஞ்சாலையில் பறக்கிற நீங்கள் அன்று முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தபடி ஊர்வீர்கள். முதல் வருடம் நான் ஒரு சுரம் பிழைவிட்டேன். உடனே லொறி குலுங்கி நின்றது. பான்கள் ஒன்றோடொன்று முட்டின. குழுவை நடத்தும் டிரினிடாட் மிஸ் பதறி ஓடிவந்தார். நீங்கள் யன்னலால் தலையை நீட்டி, "மகள் பிழை, நான் பிரேக்" என்றீர்கள், உங்கள் ஆங்கிலத்தில். ரோட்டே சிரித்தது. பிறகு என்னிடம், "நீ பிழைவிட்டா என்ரை கால் தானாப் போய் அமத்துது, பிள்ளை. கவனமா அடி, சனம் விழப்போகுது."

அதிலிருந்து யார் பிழைவிட்டாலும் குழுவில் "பிரேக்!" என்று கத்துவார்கள். இன்றும் ஒருவன் பழக்கதோஷத்தில் கத்திவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மிஸ் சொன்னார். தங்கள் ஆள் ஒருவர் போய்விட்டால், அவருக்கென்று ஒரு பாட்டு வாசிப்பது அவர்கள் வழக்கமாம். நாளைக்கு ஊர்வலம் தொடங்கமுன் அந்த ஒரு பாட்டுக்கு, இம்முறை எங்களை இழுக்கும் லொறி ஓடாமல் நிற்கும். "உன் அப்பாவுக்கு. நீதான் தொடங்கவேண்டும்" என்றார். தலையாட்டிவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் உங்கள் செத்தவீடு நினைவுக்கு வந்தது. மண்டபக்காரர் சத்தம் வேண்டாம் என்றதும் அம்மா என் தோளில் விழுந்து, "பறை கூட இல்லாமல் அனுப்புறமே, அந்த மனுசனை" என்று அழுதார். அம்மா அன்று கேட்டதும் ஒரு கொட்டுச் சத்தத்தைத்தானே?

காலையில் அம்மா எழும்பியதும் இதைச் சொல்லப் போகிறேன். "அம்மா, நீங்களும் வாங்கோ" என்று கூப்பிடப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அம்மா மறித்தால் போகமாட்டேன். உங்களுக்கு வாசிப்பதை ஒளித்துச் செய்ய எனக்கு மனமில்லை.

இப்போது விரல்களால் மெத்தையில் முதல் வரியைத் தட்டிப் பார்க்கிறேன். பயத்தில் வேகம் கூடிவிடுகிறது. நிறுத்தி மறுபடி தொடங்குகிறேன், ஆட்கள் நடக்கிற வேகத்தில். அந்த வேகத்தை நான் உங்களிடமிருந்துதான் எடுத்தேன்.