ஊதாக் குச்சிகள்

20.8.2004, வெள்ளி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கவிதாவின் பட்டுப்புடவையை பீரோவிலிருந்து எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பிறகு அவளை அழைத்துவர அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன்.

பயோடெக்னாலஜியில் அவளுக்கு இது மூன்றாம் வருடம். தையில் கல்யாணம், அதோடு படிப்பு போதும் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். இவரும் தலையாட்டிவிட்டார்.

காலேஜ் லேபில் கவிதா குடுவையை விட்டு நகரவில்லை.

"கிருமி எவ்வளவு பெருகியிருக்குன்னு அரை மணிக்கு ஒருக்கா ரீடிங் எடுக்கணும்மா. நடுவுல வந்துட்டா அத்தனையும் வீணாப் போயிரும்."

"அந்தக் கிருமிக்கு லீவே கிடையாதாடி?"

"திட்டாத. நீ குடுத்துவிட்ட தயிர்லேருந்து எடுத்ததுதான்."

மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். சாயம் ஏறிய ஊதாக் குச்சிகள், பொடிப்பொடியாக. இத்தனை வருடம் உறை ஊற்றுகிறேன், இவற்றைப் பார்த்ததே இல்லை. மார்கழியில் மட்டும் தயிர் ஏன் சீக்கிரம் உறைவதில்லை என்று கேட்டேன்.

"அதத்தாம்மா நானும் பாத்துக்கிட்டிருக்கேன்," என்று சிரித்தாள்.

அடுத்த ரீடிங் எவ்வளவு வரும் என்று பார்க்க நானும் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எண் ஏறியது. இருட்டிய பிறகு தனியாகத்தான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

"எங்க அவ?" என்றார் இவர்.

"வேல முடியலைங்க."

"நாளைக்கு நானே போய்க் கூட்டியாரேன்."

தூங்கிவிட்டார். விடிந்ததும், அவர் கிளம்புவதற்கு முன்பே, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன். கவிதாவுக்குக்கூட இது தெரியாது.