இணைப்பு நான்கு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பட்டாணிக்கு என்ன திடீரென்று கடிதம் எழுதும் ஆசை என்று அண்ணி கேட்பார். என் அறையில் சிக்னல் சரியில்லை. பேசினால் பாதிதான் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நவம்பர் கடைசியில் நாங்கள் ஆன்லைனில் ஒரு சாப்பாட்டு மேசையும் இரண்டு நாற்காலிகளும் ஆர்டர் செய்தோம். வெளிநாட்டுக்கு வந்து நான்கு வருஷமாகக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிசம்பரில் மேசை வந்தது, ஒரு நாற்காலி வந்தது. இன்னொன்று தனியாகப் பின்னால் வரும் என்றார்கள். இரண்டு மாசமாகிறது, வரவில்லை. வந்த நாற்காலிக்கும் ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்படியும் ஆடுகிறது.

முன்பு ஒரு விளக்கு உடைந்து வந்தபோது அவர்தான் அந்தக் கம்பெனியோடு பேசி மாற்றி வாங்கினார். இப்போது அவர் இங்கே இல்லை. டிசம்பர் இரண்டாம் தேதி வேறு ஊருக்குப் போனார். ஏதோ புதுக் கட்டடமாம், முழுக்க ஏசி மாட்டி முடிக்க ஆறு மாசம் ஆகுமாம். கிளம்புகிற நேரம் பார்த்து அவருடைய கறுப்பு ஷூவில் இடது கால் நாடா அறுந்துவிட்டது. வேறு நாடா இல்லை. என் வேலை ஷூவிலிருந்து வெள்ளை நாடாவை உருவிக் கட்டிவிட்டேன். "ஒரு கால் கல்யாணத்துக்கும் ஒரு கால் ஆஸ்பத்திரிக்கும் போற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். என் ஷூவில் கிழிந்த விரிப்புத் துணியைக் கயிறாகத் திரித்துக் கட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புக்கா பஞ்சம்.

ஆங்கிலத்தில் மனு எழுதுவதில் நீ கில்லாடி. எனக்காக ஒன்று எழுதிக் கொடு.

இப்படிக்கு,
பட்டாணி

-

பிப்ரவரி 17

அன்புள்ள பட்டாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிக்னல் சரியில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள். அண்ணி நம்பவில்லை. பொங்கலோ பிறந்த நாளோ எதுவும் இல்லாத நாளில்கூட மூன்று தடவை போன் போடுகிறவள், இரண்டு மாசமாக மூச்சு விடவில்லையே என்று அவளுக்கு ஆதங்கம்.

உன் கடிதத்தைப் பதிவாளர் அலுவலக வாசலில், என் மேசையில் வைத்துத்தான் படித்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் சண்டையெல்லாம் இந்த மேசைக்கு வந்திருக்கிறது. வரப்பு, வாரிசு, வாடகை, ரேஷன் கார்டில் தாத்தா பெயரைப் பாட்டியாக அடித்தது, எல்லாம் பார்த்துவிட்டேன். நாற்காலிக்கு மனு இதுதான் முதல் தடவை. அதுவும் கடல் தாண்டி. பக்கத்து மேசைக்காரர், "சார், இனிமே உங்க போர்டுல 'சர்வதேச'ன்னு சேத்துக்குங்க" என்கிறார்.

மனு எழுத எனக்கு மூன்று விஷயம் தெரியவேண்டும். ஒன்று, ஆர்டர் யார் பெயரில்? இரண்டு, அவர்கள் இதுவரை என்ன பதில் சொன்னார்கள்? மூன்றாவதுதான் முக்கியம். உனக்கு என்ன வேண்டும்? இரண்டாவது நாற்காலியா, குட்டைக் காலுக்கு மாற்றா, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதா? சும்மா குறையைச் சொல்லிப் புலம்பினால் அது மனு ஆகாது.

இன்னொன்று. மாப்பிள்ளை எந்த ஊரில் இருந்தால் என்ன, ஒரு போன் போட்டு அந்தக் கம்பெனிக்காரர்களை ஒரு பிடி பிடித்தால் வேலை முடிந்தது. நீ ஏன் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாய்?

இளைத்துப் போகாமல் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

-

மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணியிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

ஆர்டர் அவர் கணக்கில்தான் போட்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு கணக்குதான். நானும் என் போனிலிருந்து அதில்தான் வாங்குவேன். நான் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். இரண்டாவது பெட்டி டிசம்பர் பதினெட்டாம் தேதியே சேர்ந்துவிட்டது என்கிறார்கள். என் வாசலுக்கு எதுவும் வரவில்லை என்று மறுபடி எழுதினேன். கணக்கில் உள்ள முகவரியில் சேர்த்தாயிற்று, மேற்கொண்டு பேச வேண்டுமானால் கணக்கு யாருடையதோ அவர் பேசவேண்டும் என்று கை கழுவிவிட்டார்கள்.

அவருக்கு வேலை அதிகம். நான் தொந்தரவு செய்வதில்லை.

என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீயே பார்த்து ஏதாவது எழுது. எனக்கு எதுவானாலும் சரிதான்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். சலவைக்கூடத்தில் இப்போது என்னை இஸ்திரி மெஷினில் போட்டிருக்கிறார்கள். விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் தட்டையாக வரும். நாள் முழுக்க அதுதான். போன வாரம் உருளையில் கை பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. எதிரே விரிப்பு மடிப்பவள்தான் "கை, கை" என்று கத்தினாள். பார்த்தால் கொப்புளம். வலிக்கவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை, ஆறிவிட்டது.

பட்டாணி

-

மார்ச் 13

அன்புள்ள பட்டாணிக்கு,

வலிக்கவில்லை என்று எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாயா? நீ எறும்பு கடித்தால் ஏழு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுகிறவள். டாக்டரிடம் காட்டு. நீ வேலை செய்வதே ஆஸ்பத்திரியில்தானே.

"நீயே பார்த்து எழுது" என்பது என் மேசையில் செல்லாது. உனக்குத் தெரியும். கேட்பது என்ன என்று மனுதாரர் தன் வாயால் சொல்லாதவரை நான் கடைசி வரியை எழுதுவதில்லை. ஒருமுறை ஒருவர் பொதுச் சுவரில் ஆணி அடித்தான் என்று தம்பி மேல் மனு எழுத வந்தார். "சரி, என்ன வேணும் உங்களுக்கு? ஆணியப் புடுங்கணுமா?" என்று கேட்டேன். "அவன் எங்கிட்ட பேசணும் சார்" என்றார். அதற்கு நான் என்ன மனு எழுத? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அதனால் நீ யோசித்துச் சொல். எனக்கு அவசரமில்லை.

இப்போதைக்கு ஒன்று செய். பெட்டியைச் சேர்த்ததற்கு ஆதாரம் கேள். எந்த வாசலில் வைத்தார்கள் என்று அவர்களிடம் படம் இருக்கும். டெலிவரி ஆள் எடுக்காமல் போகமாட்டான். அதையும் மற்ற எல்லா ஆவணங்களையும் எண் போட்டு எனக்கு அனுப்பு. இது முக்கியம், இது முக்கியமில்லை என்று நீ பிரிக்காதே. நம் வீட்டு முறை உனக்குத் தெரியும், இணைப்பில் எதையும் ஒளிக்கக்கூடாது. ஒளித்தால் மனு எதிராளியிடம் போய் மாட்டிக்கொள்ளும்.

மாப்பிள்ளை பேசினாரா? போன வாரம் நானே கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்

-

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னாய். அனுப்பியிருக்கிறேன்.

இணைப்பு 1: ஆர்டர் ரசீது.
இணைப்பு 2: குட்டைக் கால் நாற்காலியின் படம். பக்கத்தில் அளவுநாடா வைத்து எடுத்தது.
இணைப்பு 3: கம்பெனி அனுப்பிய பதில்கள், மொத்தம் ஐந்து.
இணைப்பு 4: இரண்டாவது பெட்டியைச் சேர்த்ததற்கு அத்தாட்சியாக டெலிவரி ஆள் எடுத்த படம். அவர் கணக்கிலேயே கிடந்தது. அடியில் முகவரி சின்ன எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்.

டாக்டரிடம் காட்டினேன். களிம்பு கொடுத்தார்.

பட்டாணி

-

ஏப்ரல் 9

என் பட்டாணிக்கு,

இணைப்பு நான்கைப் பார்த்தேன்.

முதலில் மேசையிலேயே பார்த்தேன். பிறகு மேசையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பச்சைக் கதவு. உன் கதவு பழுப்பு, நீ குடிபோன அன்று படம் அனுப்பியிருந்தாய். கதவில் பெட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. இடது ஷூவில் வெள்ளை நாடா.

அதற்குப் பக்கத்தில் பெண்கள் செருப்பு ஒரு ஜோடி, பக்கிள் வைத்தது. சின்னக் கால். உன்னுடையது இல்லை. எட்டாம் வகுப்பிலேயே என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடியவள் நீ.

முகவரியையும் படித்தேன். வேறு ஊரே இல்லை அது. உன் ஊர்தான். அஞ்சல் எண்ணில் கடைசி ஒரு இலக்கம்தான் வித்தியாசம். முகவரியை மாற்றியவருக்கு, பின்னால் ஒரு பெட்டி வர வேண்டியிருக்கிறது என்பது மறந்துபோயிருக்கிறது. ஆறு மாச வேலை, புதுக் கட்டடம், ஏசி. நானும் இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று தாள் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் யார் மேலும் இத்தனை கோபம் வந்ததில்லை. உன் மேலும்தான் கோபம். மார்ச்சில் இந்தப் படம் உன் கைக்கு வந்தபோதே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எண் போட்டு அனுப்பியிருக்கிறாய், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. பிறகுதான் நினைத்தேன், எல்லாவற்றையும் அனுப்பு என்று சொன்னவனே நான்தானே. நீ சொல்ல முடியாததை எண் போட்டுச் சொல்லியிருக்கிறாய்.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவள் சத்தம் போடுவாள் என்று பயந்தேன். போடவில்லை. "அவள மொதல்ல வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க. வரணும்னா வரட்டும். மாடி ரூம் சும்மாதான கெடக்கு" என்றாள். நானும் அதையேதான் சொல்கிறேன். வா என்று கட்டாயப்படுத்தவில்லை. கதவு திறந்திருக்கிறது.

இத்துடன் இரண்டு மனு வைத்திருக்கிறேன். ஒன்று கம்பெனிக்கு. கணக்கு யாருடையதாக இருந்தால் என்ன, ஊனமான பொருள் வந்து சேர்ந்தது உன் வாசலில், அதனால் உன் பெயரிலேயே எழுதியிருக்கிறேன். இன்னொன்றில் பெறுநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நடந்ததை மட்டும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன், ஒரு கெட்ட வார்த்தை இல்லை. இரண்டிலும் கடைசி வரி காலி. அதை நீதான் எழுதவேண்டும். யாருக்கு அனுப்புவது, அனுப்புவதா வேண்டாமா என்பதும் உன் இஷ்டம்.

அவ்வளவுதான் எழுத முடிகிறது.

உன்
அண்ணன்

-

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அதை மேசை மேல் வைத்து, எதிரே ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டேன். அண்ணியிடம் சொல், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இரண்டாவது மனுவை முதலில் நிரப்பினேன். பெறுநர் இடத்தில் அவர் பெயரையும் இணைப்பு நான்கில் இருந்த முகவரியையும் எழுதினேன். கடைசி வரிக்குத்தான் ரொம்ப நேரமானது. திரும்பி வாருங்கள் என்று எழுதலாமா என்று பார்த்தேன். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஏன் என்று கேட்கலாமா என்று பார்த்தேன். அதற்குப் பதில் அந்தச் செருப்பிலேயே இருக்கிறது. நாற்காலியைத் திருப்பிக் கேட்கலாம் என்றால், அதில் யாரோ உட்கார்ந்து பழகியிருப்பார்கள். கடைசியில் இப்படி எழுதினேன்:

"ஆகவே, டிசம்பர் இரண்டாம் தேதி என்னிடமிருந்து வாங்கிப்போன வெள்ளை ஷூ நாடா ஒன்றை எனக்குத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நீ சிரிப்பாய். தபாலில் போட்டுவிட்டு வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

நேற்று உறை வந்தது. உள்ளே நாடா மட்டும்தான் இருந்தது, ஒரு வரி எழுத்து இல்லை. துவைத்திருந்தது. நான் நாள் முழுக்கத் துணியோடு இருக்கிறவள், எனக்குத் தெரியும், நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, சுருக்கமில்லாமல் சுருட்டி வைத்திருந்தது. அண்ணா, அவருக்கு இஸ்திரி போடத் தெரியாது.

அப்போதுதான் அழுதேன். இத்தனை மாசத்தில் அதுதான் முதல் தடவை. பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டிக் கேட்கிற அளவுக்கு அழுதேன். ஏழு வீட்டுக்குக் கேட்டிருக்கும். பிறகு முகம் கழுவிக்கொண்டு, ஷூவிலிருந்து துணிக் கயிற்றை எடுத்துவிட்டு நாடாவைக் கோத்தேன். கையில் கொப்புளம் இருந்த இடம் இன்று வலிக்கிறது.

மாடி அறையைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அங்கே இருக்கிற சாமானை இப்போதே இறக்கவேண்டாம் என்று அண்ணியிடம் சொல். என் வேலை இருக்கிறது. கொஞ்ச நாள் யோசிக்கிறேன்.

கம்பெனி மனுவை இத்துடன் உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். சுத்தப் பிரதி எடுத்து அனுப்பிவிடு. அதிலும் கடைசி வரியை நானே எழுதியிருக்கிறேன். நாற்காலி ஒன்று போதும். ஆனால் நான்கு காலும் ஒரே அளவாக இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். அறையில் சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

பட்டாணி