இரண்டு மணி அடித்து நிற்கும் எண்

என் அன்பு அப்பா,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். உங்களால் காட்ட முடியாது என்று தெரியும். ஆனால் இந்த நோட்டு வேறு யார் கையில் கிடைத்தாலும், அவர்களிடமும் இதையேதான் கெஞ்சிக் கேட்கிறேன். சித்தப்பாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது; பர்மிய எழுத்துத்தான் தெரியும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். என்றாலும் கோயிலில் அவருக்குப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

நாளைக் காலை நம் வீட்டுப் போனை எடுத்துவிடப் போகிறார்கள். பீரோமேல் அம்மா தைத்துப் போட்ட உறைக்குள் இருக்கிறதே, அதேதான். மழை பெய்தால் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. பழுது பார்க்கவும் யாரும் வருவதில்லை. இன்டர்நெட் போன் வைத்துவிடலாம் என்றார் சித்தப்பா. நீங்கள் கண்ணை மூடியபிறகு எங்களுக்குத் துணையாக இந்தத் தின்கன்ஜூன் பேட்டைக்கு வந்தவர் அவர். வீட்டில் இப்போது அவர் சொல்வதுதான் நடக்கிறது.

போன் மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. எண் மாறக் கூடாது.

அண்ணன் ஊரைவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியாதே. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பயந்து போன வருஷம் தாய்லாந்துக்குப் போய்விட்டான். வழியில் போனை வாங்கிச் சோதிப்பார்கள் என்பதால் ஓர் எண்ணைக்கூட எடுத்துப் போகவில்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவரையும் நீங்கள் ஒப்பிக்கச் சொன்ன எண்.

மிங்கலாடோனில் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் நம் வீட்டுப் போனை இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவீர்கள், நினைவிருக்கிறதா? நாங்கள் எடுக்கமாட்டோம். "சேந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போவாள். போகும்போது சொல்லிவைத்தபடி அண்ணனும் அப்படித்தான் செய்கிறான். பௌர்ணமி மாலையில் இரண்டு மணி. நின்று, மறுபடி இரண்டு. யாராவது ஒட்டுக்கேட்டால் ஆபத்து, எடுத்துப் பேசவே கூடாது என்பது சித்தப்பாவின் கட்டளை. அவன் மாண்டலேயில் இருப்பதாகத்தான் ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். அந்த நான்கு மணியை வைத்துக்கொண்டுதான் அம்மா ஒரு மாதம் சோறு சாப்பிடுகிறாள். அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. புதிய எண்ணை அவனிடம் யார் போய்ச் சொல்வது?

சனிக்கிழமை லத்தா பேட்டையில் ஒரு போன் கடைக்குப் போனோம். கூட்டினால் ஒன்பது வருகிற எண்ணாகத் தேடினார் சித்தப்பா. இங்கே எல்லோருக்கும் ஒன்பதுதான் ராசி.

"பழைய நம்பரைக் கூட்டிப் பாரு, நாலு வருது. அதான் எங்கண்ணன் அம்புட்டு சீக்கிரம் போயிட்டாரு."

உங்களைத்தான் சொன்னார். அம்மா, "ஒம்போது பாத்துத்தானே தம்பி கடை வச்சீங்க? ஒம்போது மாசத்துல மூடிட்டீங்களே" என்றாள். அவர் முகம் கறுத்து, "அந்த ஃபாரத்தை எழுதி வைங்க, புது நம்பருதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கடைக்காரப் பெண் மா சூ இரண்டு வகை இருக்கிறது என்றாள். ஒன்றில் புது எண். மற்றதில் பழைய எண்ணையே மாற்றித் தருவார்கள். ஆனால் அதோடு வருகிற இன்டர்நெட் பெட்டி கரண்டு இல்லாவிட்டால் செத்துவிடும், பேட்டரி வைக்க வேண்டும். நாம் எடுக்காவிட்டால் எத்தனை மணி அடித்தபிறகு மெஷின் தானாக எடுத்துப் பேசும் என்று கேட்டேன்.

"ரெண்டு. ஏன் மகளே? எல்லாரும் வேகம் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க."

"அது எடுக்கவே கூடாது, மா சூ."

யாரோ ஒரு பெண் குரல் கேட்டால், நாங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டோம் என்று அண்ணன் நினைக்கமாட்டானா? ஃபாரத்தில் அந்த மெஷினுக்கான கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னாள். விட்டேன். பழைய எண் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

கையெழுத்துப் போட வேண்டியவள் அம்மா. ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சித்தப்பா சொன்னது இது இல்லியேடி."

"இல்லம்மா."

"பேனாவைக் குடு."

எதையும் மாற்றாமல் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டாள். இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை. என்மேல் கோபமா? நாளைக்குச் சித்தப்பா கேட்கும்போது என் பக்கம் நிற்பாளா?

நாளை வருகிற ஆள் எண்ணைச் சோதித்துப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். கத்துவார். அடித்தாலும் அடிப்பார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்கமாட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இங்கே பாதி நாள் கரண்டு இருப்பதில்லை, ஆனால் டியூஷன் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. தினமும் பேட்டரியைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் சார்ஜ் போட்டு வருவேன். அண்ணன் கூப்பிடுகிற மாலையில் அந்தப் பெட்டி அணைந்திருக்காது. பாதியில் மூடிவைக்க நேரலாம் என்பதால் கையெழுத்தை இப்போதே போட்டுவிடுகிறேன்.

இரண்டு மணிக்குக் காது வைத்திருக்கும் உங்கள் மகள்,
செல்வி

அப்பா, அறைக் கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு தட்டு. நின்றுவிட்டது. மறுபடி இரண்டு. சித்தப்பா இப்படித் தட்டமாட்டார். அம்மாவின் வளையல் சத்தம் கேட்கிறது; அண்ணனின் மணியைப் போலவே தட்டுகிறாள். அம்மா