காதுக்கு முன்னால் ஒரு துளை

தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். குடும்ப வரலாறு தேடி அலைந்தவள், அப்பா இருந்த சிறையின் பழைய பதிவேட்டிலிருந்து அவர் பக்கத்தைப் பிரதி எடுத்து வந்துவிட்டாள். பெயர், தாத்தா பெயர், தெரு எல்லாம் சரி. குற்றம் என்ற இடத்தில் திக்கினாள்.

"மூட்டை திருடுனது ஊருக்கே தெரியும், மேல படிம்மா" என்றேன்.

அடுத்தது அங்க அடையாளம். வலது காதுக்கு முன்னால் கடுகளவு துளை, பிறவியிலேயே உள்ளது.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். உன்னைக் குளிப்பாட்டியவன் நான். அந்தத் துளையில் சோப்பு போய்விடும் என்று அம்மா அதட்டுவாள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனபோது நீ வயிற்றில் இருந்தாய்; அவர் திரும்பி வரவேயில்லை. தோளில் உட்கார்ந்து பார்த்த அவர் உச்சந்தலைதான் எனக்கு நினைவு. வீட்டில் படமும் இல்லை. அம்மா செத்த பிறகு சித்தப்பா எல்லார் முன்னாலும், "எங்கண்ணன் ஜாடை துளிகூட இல்லியே, நீ யாரு புள்ளடா?" என்று கேட்டபோது பதில் சொல்ல ஆளில்லை. அன்றைக்குப் போனவன்தான் நீ.

சித்தப்பா இன்னும் இருக்கிறார். கண் நன்றாகத் தெரிகிறது, காதுதான் சுத்தமாகப் போய்விட்டது. என்னைப் போலவே படிக்கவும் தெரியாது. கத்திச் சொல்லிப் பார்த்தேன், "சாப்டாச்சு, சாப்டாச்சு" என்கிறார்.

நீயே வந்து காதைக் காட்டினால்தான் உண்டு.

உன் அண்ணன்