முப்பத்தேழு சரி

ஒக்டோபர் 6, திங்கள்

207ஆம் அறையின் ஜன்னலோரம் நான்கு கோப்பைத் தேநீர் இருந்தது. நான்கும் நிரம்பியபடி, நான்கும் ஆறிப்போய். அந்த அறையில் ஒரு கணவனும் மனைவியும்தான் இருக்கிறார்கள். மனைவி இடுப்பு வலிக்காக எட்டரைக்கே வெந்நீர்க் குளியலுக்குப் போய்விடுவார். அப்படியென்றால் நான்கையும் ஊற்றியது கணவர்தானே? ஏன் ஒன்றையும் குடிக்கவில்லை?

என்னை வில் என்ற ஊரிலிருந்து கூட்டிவந்து இந்த மலை ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலையில் சேர்த்துவிட்ட ஜெயமலர் அன்ரியிடம் சொன்னேன்.

"இங்கிலீசுக்காரருக்குத் தேத்தண்ணி விசர், பிள்ளை. நீ கோப்பையைக் கழுவு."

ஒக்டோபர் 7, செவ்வாய்

இன்று அவர் அறையில் இருந்தார். பெயர் இட்வால். எழுபது வயதிருக்கும். காதுகள் பிசைந்துவிட்ட மா மாதிரி. நீங்கள் இங்கிலாந்தோ என்று கேட்டுவிட்டேன். "அதைவிட நீ எனக்கு அடிச்சிருக்கலாம்" என்று சிரித்தார். வேல்ஸாம். அந்த நாட்டு ரக்பி அணியில் முப்பத்தேழு ஆட்டம் ஆடியவர். என்னைப் போலப் பள்ளியைப் பாதியில் விட்டு, அப்பாவோடு இரும்பு ஆலைக்குப் போய், இருபத்தொரு வயதில் அணிக்குள் வந்தாராம். மேசையில் குஞ்சம் வைத்த சிவப்பு வெல்வெட் தொப்பி. முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் கொடுப்பார்களாம்.

பிறகு ஒரு கொப்பியைத் தந்தார். அவருடைய மனைவி நெஸ்டாவின் கையெழுத்தில் முப்பத்தேழு ஆட்டங்களும் இருந்தன. எந்த அணி, எந்த ஊர், எத்தனை புள்ளி. நான் படுக்கை விரிக்கும் நேரம் அவர் ஒப்புவிப்பார். நெஸ்டா குளியலுக்குப் போயிருப்பதால், நான் பார்த்துச் சரியோ பிழையோ போட வேண்டும்.

ஒன்பதாவதில் ஸ்கொட்லாந்து என்பதற்குப் பிரான்ஸ் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து நின்று, பதில் வராமல் - ரீச்சர் காத்திருக்க, எல்லோரும் காத்திருக்க - அந்த அமைதிக்குப் பயந்துதானே பள்ளிக்கூடத்தை விட்டேன்? அதோடு அவர் பெரியவர். முகத்துக்கு நேரே எப்படிப் பிழை என்பது?

"கரெக்ட்" என்றேன். சரி போட்டேன்.

ஒக்டோபர் 8, புதன்

ஆறு பிழை. முப்பத்தேழு சரி போட்டேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

மலை உச்சியில் பனி விழுந்திருக்கிறது. 207இல் ஆறு கோப்பை.

இன்று பதினொரு பிழை. இருபத்திரண்டாவது ஆட்டம் வந்ததும் கொப்பியைக் கொஞ்ச நேரம் மூடச் சொன்னார். ஊரில் எல்லோரும் இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்களாம். கடைசி நிமிடத்தில் அவர்தான் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து அணியை வெல்ல வைத்தார். ஆனால் அது அவருக்கு ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவரின் முழங்கால் அவர் தலையில் பட்டதாம்.

"பிறகு எப்படி விளையாட விட்டவை?" என்று கேட்டேன்.

"டொக்டர் வந்து எத்தனை விரல் எண்டு கேட்டார். அவர் எப்பவும் ரெண்டுதான் காட்டுவார். எங்கள் எல்லாருக்கும் தெரியும்."

இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நீயும் நல்ல டொக்டர்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? அவருக்குத் தெரியுமோ?

ஒக்டோபர் 12, ஞாயிறு

நெஸ்டா படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு நல்லாய் அவர் ஒரு வருசமாய்ச் சொன்னதில்லை. இந்த மலைக்காற்றுத்தான்."

போன வசந்தத்தில் இட்வால் தன் சொந்த ஊரிலேயே வழி தவறி, விடியும் வரை ஆற்றங்கரையில் கிடந்தாராம். அதற்குப் பிறகு இருவருக்கும் ஒரு ஒப்பந்தம். கொப்பியில் சரி முப்பதுக்குக் குறைந்தால் அவர் தனியாக வெளியே போவதில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் முப்பத்தேழு. அதனால் புதன்கிழமை அவர் தனியாக மலை ரெயினில் ஏறிப் போய், காட்டுப் பாதையால் நடந்து இறங்கப் போகிறார்.

நெஸ்டா சொக்லேட் பெட்டி ஒன்று தந்தார். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

இன்று பிழை போடத்தான் போனேன். நான்காவது ஆட்டத்தை இட்வால் பிழையாகச் சொன்னதும் அந்த வரியில் பேனாவை வைத்தேன். அவர் தன் பெரிய கையை என் கைக்கு மேல் வைத்தார். அழுத்தவில்லை. வெறுமனே வைத்திருந்தார்.

சரி போட்டேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பனி மரங்கள் வரை இறங்கிவிட்டது.

கதவைத் திறந்தபோது அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எந்த பஸ்? அணியில் மற்றப் பெடியள் எங்கே என்றார். பிறகு நான் யார் என்றார். கொப்பியை எடுத்தேன். பதினொன்று சொன்னார். மிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, நான் என்ன செய்திருக்கிறன்?

துணி அலுமாரிக்குப் பின்னால் நின்று அன்ரியிடம் சொன்னேன்.

"அன்ரி, நான் பொய்யாய்ச் சரி போட்டுட்டன். ஒவ்வொரு நாளும். இண்டைக்கும்."

"எதுக்கடி?"

"பாவமாய் இருந்தது. அதோட பெரியவர்..."

"அந்தாளுக்கு நானும் முகத்துக்கு நேர பிழை எண்டு சொல்லியிருக்க மாட்டன்." அன்ரி கொஞ்ச நேரம் துவாய்களை மடித்தார். "ஆனா அந்த மனுசி உன்ர பேனையை நம்பியெல்லோ அவரை மலைக்கு அனுப்புது."

"நீங்கள் சொல்லுங்கோவன், அன்ரி."

"நானோ சரி போட்டனான்?"

ஒக்டோபர் 15, புதன்

ரெயின் ஒன்பது இருபதுக்கு. எட்டு ஐம்பதுக்கு 207இல் கொப்பியை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். சாப்பாட்டு அறை நிறைய ஆட்கள். நாங்கள் வேலை உடுப்போடு அதற்குள் போவதில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். இன்று குளியலுக்குப் போகாத நெஸ்டா, இட்வாலின் பைக்குள் சுடுதண்ணிப் போத்தலை வைத்தார். கழுத்துச் சால்வையைச் சரிசெய்தார். இட்வால் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார்.

கதவைத் தள்ளினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே அமைதி. நடந்துபோய்க் கொப்பியை நெஸ்டாவுக்கு முன்னால், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. பேனாவை எடுத்து, நான் போட்ட சரிகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினேன்.

நெஸ்டா முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். போத்தலைப் பையிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

இட்வால் என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை விரிப்புக்குக் கீழே, எனக்கு மட்டும் தெரியும்படி, இரண்டு விரலைக் காட்டினார்.

நான் அடுத்த வரியை வெட்டினேன்.