இறுக்கி மடிக்காத மல்லாரி

நண்பா,

நேற்று மாலை உன் மகள் பீரோவைத் திறந்ததும் வசம்பு வாசனை முகத்தில் அடித்தது. பட்டுப்புடவைகளுக்கு நடுவே, பழைய வேட்டித் துணியில் சுற்றி, நீ வைத்துவிட்டுப் போன ஹார்டு டிஸ்க். பூச்சி அரித்துவிடுமென்று அதற்கும் ஒரு வசம்புத் துண்டு. நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் உன்னை ஓட்டியிருப்பேன். நேற்று சிரிப்பு வரவில்லை.

தறியில் உட்கார்ந்தால் உனக்குப் பட்டு, எழுந்தால் நாகஸ்வரம். எந்தக் கோயிலில் உற்சவம் என்றாலும் கையடக்க ரெக்கார்டரோடு மேளக்காரர்கள் பின்னால் நடப்பாய். பதிந்ததை இடம் அடைக்காமல் சுருக்கி வைக்கும் ஃபிளாக் ஃபைலாக மாற்றக் கற்றுக்கொள்ள என்னிடம் வந்தாய். கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறவன் என்ற தோரணையோடு சொல்லிக்கொடுத்தேன். எவ்வளவு இறுக்கிச் சுருக்குவது என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை எண் இருக்கிறது; எட்டில் வைத்தால் கணினி கூடுதலாக உழைத்து ஃபைலை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கும்; எதில் வைத்தாலும் கேட்கும்போது பதிந்தது பதிந்தபடியே வரும், ஒரு துளியும் போகாது என்றேன். நீ நம்பவில்லை.

"இறுக்கி மடிச்சா மடிப்புல சரிகை உடையுதுபா. பாட்டு மட்டும் எப்படி உடையாம இருக்கும்?" என்றாய்.

கடைசிவரை பூஜ்யத்தை விட்டு நீ நகரவில்லை. அதோடு விட்டாயா? வீட்டில் புடவைகளை எடுத்து மடிப்பு மாற்றி வைக்கும் நாளில், பாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி ஃபைலாக்குவாய். உன் மனைவி பாயில் உட்கார்ந்து புடவை மடிக்க, பக்கத்தில் நீ லேப்டாப்போடு. ஞாயிற்றுக்கிழமை வந்து அதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொள்வேன். சாமி புறப்பாட்டில் நீ பதிந்த ஒரு மல்லாரியை எட்டிலும் பூஜ்யத்திலும் தயாராக வைத்திருந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவேன். நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இதில் வாசிக்கிறவர் மூச்சு கேட்கிறது, அதில் கேட்கவில்லை என்பாய். பாதி நேரம் தப்பாகவே சொல்வாய். காதில் என்ன, பட்டு நூலா அடைத்திருக்கிறது என்று உன் மனைவி எதிரிலேயே கேட்பேன். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

இப்போது உன் மனைவி உன்னுடைய சின்ன பிளேயரில் கேட்டுக்கொண்டேதான் தறியில் உட்காருகிறார். அதன் மெமரி கார்டு நிறைந்துவிட்டது. அதைவிடப் பெரிய கார்டை அந்தப் பிளேயர் ஏற்காது. நீ கடைசியாகப் பதிந்த பங்குனி உற்சவம் இன்னும் ரெக்கார்டரிலேயே கிடக்கிறது. அதைச் சேர்க்கப் பழையதில் சிலவற்றை அழிக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். "எட்டுல வச்சிட்டா எல்லாமே அடங்கிடும் மாமா. கரெக்ட்தானே?" என்று உன் மகள் கேட்டாள்.

வருஷக்கணக்காக நான் ஓதியது அதைத்தான். ஆனால் என் வாய் சொன்னது வேறு. வேண்டாம்மா, சத்தம் போய்விடும் என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஹெட்போனை என் தலையில் மாட்டி, அதே மல்லாரியை இரண்டு முறை போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலாவது நெருக்கமாக இருந்தது. இரண்டாவதில் தவிலைச் சுற்றிக் காற்றோட்டம் இருந்தது. இரண்டாவதுதான் அப்பா பூஜ்யத்தில் வைத்தது என்று அடித்துச் சொன்னேன்.

"ரெண்டு தடவையும் ஒரே ஃபைலைத்தான் போட்டேன் மாமா" என்றாள்.

உன்னைப் பார்த்து நான் சிரித்தது போல அவளும் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. எட்டிலேயே வைத்துவிடு என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னேன். எதையும் அழிக்காமல் எல்லாம் அடங்கியது.

கிளம்பும் முன், நீ பூஜ்யத்தில் வைத்திருந்த அந்த மல்லாரியை மட்டும் என் போனில் ஏற்றிக்கொண்டேன். செவிலிமேடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டேன். அப்போதுதான் உறைத்தது: அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஒருமுறைகூட நான் முழுதாகக் கேட்டதில்லை. தவில் எழும் இடத்தை மட்டும் வெட்டி, உன்னைத் தோற்கடிக்கப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியும் வீட்டுக்குள் போகாமல் வாசலில் நின்று கேட்டேன். மேளம் ஓய்ந்தது. கூட்டத்தின் சத்தம் கொஞ்ச நேரம். பிறகு, ரெக்கார்டரை அணைக்கும் முன் பக்கத்தில் யாரிடமோ நீ சொல்கிறாய்:

"இத அவன் ஒரு தபா முழுசா கேட்டா போதும்பா. நம்பரு, கிம்பரு எல்லாத்தையும் வுட்டுட்டு கேட்டுக்கினே இருப்பான்."

பதிந்த மறுநாளே அதை என் கையில் கொடுத்தவன் நீ.