சன்னலுக்குக் கீழே கசேரி

ஜூன் 10, செவ்வாய்
விடாத மழை. ரப்பர் வெட்டு இல்லை. காலையில் மரச்சீனிக் கிழங்கு, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி.

11 மணிக்கு போனில் கவுன்சலிங். இது இரண்டாவது தடவை. நெஞ்சு படபடப்புக்கு ஈ.சி.ஜி. எடுத்தோம், ஒன்றுமில்லை, டென்ஷன் என்றார் டாக்டர். மகள் ஷீலா பெங்களூரிலிருந்து ஏற்பாடு செய்துவிட்டாள். டென்ஷன் முன்வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு மாசியில் ஒரேயடியாக வந்துவிட்ட என் வீட்டுக்காரர். ஷீலாவோடு பேசுகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கவுன்சலிங் பிள்ளைக்கு முப்பது வயது இருக்கும். சென்னை. "அம்மா, கொஞ்சம் மெதுவா பேசுங்க, எனக்கு நல்லாவே கேக்குது."

மெதுவாகப் பேசத் தெரியாது. கருங்கல் ஊரில் டெலிபோன் பூத்தில் நின்று மஸ்கட்டுக்குக் கத்திய தொண்டை. முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசை. சுகமா, சுகம், பேங்க் டிராஃப்ட் வந்தது, போனை வைக்கட்டா. அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம்.

பெயர்ப்பலகையைச் சொன்னேன். வந்த மாதமே கேட்டில் கறுப்பு கிரானைட், தங்க எழுத்து, அவர் பெயர் மட்டும். வருகிறவர்களிடம் "நான் கட்டின வீடு". அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினபோது எங்கே இருந்தார்? செங்கல் எண்ணி இறக்கியது, கான்கிரீட்டை நனைத்தது, கொத்தனாரோடு சண்டை போட்டது நான். படித்தது எட்டாம் வகுப்பு. பிளான் பார்க்க நானே படித்துக்கொண்டேன்.

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லித்தான் தெரியவேண்டுமா?

வீட்டுப்பாடம் தந்தாள். 'எனக்கு வருத்தமா இருக்கு' என்று தொடங்கி ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவேண்டுமாம்.

ஜூன் 13, வெள்ளி
கறண்டு இல்லை. மிளகாய்ப்பொடி டப்பாவை மறுபடியும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்.

வீட்டுப்பாடம் செய்தேன். "எனக்கு வருத்தமா இருக்கு."

"வயித்துல காஸா? மாத்திரை எடுத்துத் தரட்டா?"

முடிந்தது.

ஜூன் 17, செவ்வாய்
கவுன்சலிங். பிள்ளை சொல்கிறாள்: "நீங்க இத்தனை வருஷம் தனியா இருந்து பழகிட்டீங்க. அவருக்கும் இது புது இடம்தானே அம்மா?"

"நீ எனக்க டாக்டரா, அவருக்க டாக்டரா?"

டாக்டர் இல்லையாம், கவுன்சலராம். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 19, வியாழன்
வெயில். துணி காய்ந்தது. சாளை வாங்கினேன்.

மீன்காரி மேரி கூடையை இறக்கும்போதே, "எக்கா, போர்டு மேட்டர் என்னாச்சு?"

"எந்த போர்டு?"

"போன வாரம் செவ்வாக்கெழமை நீ போன்ல கத்துனது ரோடு வரைக்கும் கேட்டுதுல்லா. அண்ணன் சன்னலுக்கு கீழ கசேரி போட்டு இருந்து கேட்டாரு. ரண்டு வாரமும் கண்டேன். அவரு கேக்கட்டும்னு நான் சத்தம் போட்டு விக்காம போனேன்."

நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு காஸ் மாத்திரை தருகிறார்.

ஜூன் 22, ஞாயிறு
கேட்டில் பலகை இல்லை. நான்கு ஓட்டைகள் மட்டும். விறகுப் புரையில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறார்.

"போர்டு எங்க?"

"மழையில எழுத்து போவுது."

கிரானைட்டில் வெட்டிய எழுத்து. பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை. கழற்ற ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, 'நீதான் கட்டினாய்' என்று சொல்ல வாய் இல்லை. ஷீலா போனில், "அப்பா எறங்கி வந்துட்டாருல்லா, விடும்மா." எதை விட?

ஜூன் 24, செவ்வாய்
மழை. இன்று நானே நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டேன். வெளியே கசேரி கிறீச்சிட்டது. ஆள் வந்தாயிற்று.

பிள்ளை, "இந்த வாரம் எப்படி இருந்தீங்க?" என்றாள். பலகையைப் பற்றிப் பேசவில்லை. கர்ப்பப்பையை எடுத்த நாளைச் சொன்னேன். குழித்துறை ஆஸ்பத்திரி. புருஷன் எங்கே, கையெழுத்து போடவேண்டும் என்றார்கள். நானே போட்டேன். ஷீலாவுக்கு ஆறு வயது, பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள். ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

சன்னலுக்குக் கீழிருந்து: "நான் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். வரண்டாம்னு சொன்னது நீதானேட்டி."

"அம்மா, அங்க யார் பேசுறது?"

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பூத்துல பின்னால பத்துப் பேரு நின்னாவ. ஆம்பிளையளுக்கு நடுவுல கர்ப்பப்பை ஆப்பரேஷன்னு எப்படி விளிச்சுச் சொல்ல? வரண்டாம்னு சொன்னா வராம இருந்திருவியளா?"

வெளியே மழையோடு கசேரியை முன்வாசலுக்கு இழுக்கிற சத்தம்.  அப்படியே கவுன்சலிங் நேரம் முடிந்தது.

மணி எட்டு. சோறு, சாளைக் கறி. மனிதர் இன்னும் முன்வாசலில்தான் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டேன். கூப்பிடாமல் வருகிறாரா என்று பார்க்கிறேன். கறி ஆறுகிறது.